உட்கார்ந்த வண்டி

என் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவன் வந்த வண்டியைத்தான் பார்த்தேன். அது உட்கார்ந்திருந்தது.

எங்கள் நாமக்கல்லில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. காலி லாரியில் அந்த இடைவெளிக்குள் ஓர் ஆள் தலையை விட்டுப் பார்க்கலாம். லோடு ஏற ஏற அது குறையும். நன்றாகக் குறைந்துவிட்டால் வண்டி உட்கார்ந்துவிட்டது என்போம். அப்படி உட்கார இரண்டே காரணங்கள்தாம் உண்டு. ஒன்று, உள்ளே பாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்க வேண்டும். தார்ப்பாயைப் போட்டு எப்படி மூடினாலும் அந்த இடைவெளி பொய் சொல்லாது. லாரி வைத்திருந்த காலமெல்லாம் டிரைவர் சொன்னதை நம்பாமல் இதை நம்பித்தான் பிழைத்தேன்.

வந்ததோ இரண்டு கதவு வைத்த நீல ஸ்போர்ட்ஸ் கார். பையனின் பெற்றோரும் சொந்தக்காரர்களும் மேச்சேரிப் பக்கத்திலிருந்து வேனில் வந்தார்கள். பையன் பெங்களூரில் வேலையில் இருப்பதால் அங்கிருந்து தனியாகக் காரில் வந்து இறங்கினான். அந்தக் காரில் டயருக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைவதே கஷ்டம். வண்டிக்குள்ளே ஆள் இல்லை. பின்னால் டிக்கியில் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு பழத்தட்டுகூட இல்லை.

குனிந்து டயரைத் தடவினேன். வெளிப்பக்கம் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற மேடு பள்ளம், எல்லாம் புதுசாக இருந்தது. உள்பக்கம் கையை விட்டால் மொட்டையாக வழுக்கியது. வெளியே புதுசு, உள்ளே தேய்ந்தது. பெண் கொடுக்கப் போகிறவனுக்கு இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

"ஏனுங்க, ஒறம்பர எல்லாம் உள்ள உக்காந்திருக்குது, நீங்க இங்க மண்டி போட்டுட்டு என்ன பண்றீங்க?" என்று வாசலிலிருந்து என் மனைவி பல்லைக் கடித்தாள்.

"டயரப் பாக்கறேன்."

"டயருக்கா பொண்ணு குடுக்கறோம்?"

உள்ளே போனேன். ஆட்டையாம்பட்டி முறுக்கும் காபியும் சுற்றி வந்தன. பையன் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், நல்ல முகம், கேட்டதற்கு மட்டும் பதில். அவன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்ப்பவர்கள். ஆட்டின் வயதை அவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், வண்டியின் வயதை நாங்கள் டயரைப் பிடித்துப் பார்ப்போம். அதனால் நான் கேட்டதை அவர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏந்தம்பி, வண்டி எதுக்கு இப்பிடி உக்காந்திருக்குது?"

"அதுங்களா மாமா? லோயரிங் ஸ்பிரிங்குங்க. கம்பெனி ஸ்பிரிங்கக் கழட்டீட்டு வெளிய வாங்கி மாத்தியிருக்குது."

"எதுக்கு?"

"ஹேண்ட்லிங்குக்குங்க."

"அப்பிடீன்னா?"

"நல்லா... ஹேண்டில் ஆகுங்க."

சொல்லிவிட்டு அவன் சமையலறை வாசலைப் பார்த்தான். அங்கே என் பெண் நின்றிருந்தாள். பெண்ணைப் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்ப்பது குற்றமில்லை என்று அதை விட்டுவிட்டேன். நான் பிடித்துக்கொண்டது வேறொன்றை. 'மாத்தியிருக்குது' என்றான். 'மாத்தியிருக்கேன்' என்று சொல்லவில்லை. சொந்தக் காசில் வண்டி வாங்கி, ஆசைப்பட்டு ஸ்பிரிங் மாற்றிய எந்த ஆண்பிள்ளையும் 'நான்' என்ற சொல்லை விடமாட்டான். லாரிக்கு ஒரு ஏர்ஹாரன் மாட்டினாலே ஊரைக் கூட்டுவார்கள் எங்கள் ஆட்கள். இவனோ யார் வீட்டுக் காரியத்தையோ சொல்வதுபோலச் சொன்னான்.

எனக்குப் புரிந்துவிட்டது. இது இரவல் வண்டி. பெண் பார்க்க வருவதற்காக எவனிடமோ வாங்கி வந்திருக்கிறான். ஒருநாள் வண்டிக்குப் பொய் சொல்கிறவன் வாழ்நாளெல்லாம் எதற்குச் சொல்லமாட்டான்?

அவர்கள் போனதும் ஆர்சி புக்கைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சாமியே வந்து முன்னால நின்னாலும் ஆதார் கார்டு கேப்பீங்க நீங்க" என்றாள். என் பெண்ணும் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறாள். தரகர் சொல்லி வந்த வரன் இது. உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "நீங்க விசாரிச்சுச் சொல்லுங்கப்பா" என்றாள். இந்தக் காலத்தில் இப்படிச் சொல்ல எந்தப் பெண் இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விசாரித்தேன். மேச்சேரிக்கு ஆள் அனுப்பினேன். நானே ஒருமுறை ஆட்டுச் சந்தைக்குப் போவதுபோலப் போய் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். கடன் இல்லை, குடி இல்லை, பங்காளிச் சண்டை இல்லை. பையன் பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் என்றார்கள். எல்லாம் சரியாக இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குடும்பம் என்றால் ஒரு குறையாவது வெளியே தெரிய வேண்டாமா? தார்ப்பாயை இவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது.

பையனை மறுபடி ஒருநாள் வரச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். அதே நீலக் கார், அதே உட்கார்ந்த கோலம். சாப்பிட்டு முடித்ததும், "தம்பி, உங்க வண்டீல ஒரு ரவுண்டு போலாமா?" என்றேன். அவன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் எதற்குப் பயம்?

"நானும் வாரேனுங்கப்பா" என்று என் பெண் முந்திக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டாள். பின்சீட்டு பெயருக்குத்தான் இருந்தது. முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். கல்யாணம் பேசியிருக்கிற பெண் இப்படி ஏறலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

பரமத்தி ரோட்டில் போனோம். உட்காரும்போதே தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் போன மொபெட்டை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. பையன் மெதுவாகத்தான் ஓட்டினான். அப்படியும் ரோட்டில் இருந்த ஒவ்வொரு ஒட்டும் என் முதுகெலும்புக்குத் தெரிந்தது. ஒரு சின்னக் குழியில் சக்கரம் இறங்கியபோது பல்லோடு பல் மோதியது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் முற்றியது. காலி லாரி தூக்கித் தூக்கிப் போடும். அதில் போனால் குடல் வாய்க்கு வரும். அதே லாரி லோடு ஏறி உட்கார்ந்துவிட்டால் மெத்தென்று போகும், டிரைவருக்குத் தூக்கமே வந்துவிடும். உயர்ந்து நின்றால் முரடு, உட்கார்ந்தால் மெத்து. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த நியாயம். இந்தக் காரோ லோடு ஏற்றியதுபோல உட்கார்ந்துகொண்டு காலி வண்டிபோலத் தூக்கிப் போட்டது. நிற்பது ஒரு கதை சொன்னது, போவது ஒரு கதை சொன்னது. இரண்டில் ஒன்று பொய்.

பையனை ஓரக்கண்ணால் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, லெப்டுல திருப்புங்க. நமக்குத் தெரிஞ்சவரு எடை மேடை வெச்சிருக்காரு. ஒரு டீ குடிச்சிட்டு, அப்பிடியே வண்டிய ஏத்தி எறக்கீறலாம்."

"எடை மேடைக்குங்களா?" என்றான்.

"சும்மாதான்."

நாமக்கல்காரன் ஒருவனால்தான் இந்தக் காரியத்தைச் செய்ய முடியும். இப்போது எனக்கே சிரிப்பாக வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு ஒரு வண்டிமேல் சந்தேகம் வந்தால் எடை மேடைதான் கோயில், அங்கே போய்ச் சத்தியம் செய்ய வைப்போம். கதவுக்குள்ளே, சீட்டுக்கு அடியில், எங்கேயாவது இவன் எதையாவது வைத்திருந்தால் தெரிந்துபோகும். என்ன வைத்திருப்பான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கஞ்சாவிலிருந்து தங்கம் வரைக்கும் எல்லாம் என் மனதில் ஓடியது.

அந்த மேடை தரைக்கு மேலே கட்டியது. ஏறுவதற்கு இரண்டு பக்கமும் சிமெண்டுச் சரிவு உண்டு. லாரியை அதில் கோணலாக ஏற்றவே கூடாது. "நேரா ஏத்துங்க தம்பி, நேரா" என்று நான் கையைக் காட்டினேன். அவனும் நேராக ஏற்றினான். சரிவு முடிகிற விளிம்பில் காரின் வயிறு உரசி, தகரத்தை அறுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

"ஐயோ!" என்று அலறியது அவன் இல்லை. பின்சீட்டில் இருந்த என் பெண்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தான். இஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினான், வண்டி உதறிக்கொண்டு நின்றது. மூன்றாம் தடவை பின்னால் உருண்டது. லாரி ஷெட்டில் சைக்கிள் டயர் உருட்டுகிற பையன்கள்கூட கிளட்சை இப்படி விடமாட்டார்கள்.

"எறங்குங்க" என்றாள் என் பெண் அவனிடம். அவன் மறுபேச்சில்லாமல் இறங்கினான். அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்து சீட்டில் அப்படியே இருந்தேன். புது வண்டியில் ஏறுகிற எவருக்கும் சீட்டை நகர்த்தும் கம்பியைத் தேடிக் கை துழாவும். அவள் கை துழாவவில்லை. கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையைக் கீழே விட்டாள், சீட்டு ஒரே இழுப்பில் அவள் காலுக்கு வந்து நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்தாள். சரிவுக்குக் கோணலாகத் திருப்பி, முதலில் ஒரு சக்கரம், அப்புறம் மறு சக்கரம் என்று ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒரு சத்தம் இல்லை. மேடையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடை போட்டர்லாங்களா?" என்று என் நண்பர் உள்ளிருந்து கேட்டார்.

"வேண்டாங்க" என்றேன்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இந்த வண்டியை ஓட்டத் தெரியும் என்பது தெரியாது. வண்டி அவனுடையது இல்லை என்று நான் சந்தேகப்பட்டது சரிதான். யாருடையது என்று யோசிக்கும்போது மட்டும் என் வீட்டை விட்டுவிட்டு ஊரெல்லாம் யோசித்திருக்கிறேன்.

வீட்டுக்கும் அவளேதான் ஓட்டி வந்தாள். பையன் காரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வாரேனுங்க மாமா" என்று சொல்லி ஆட்டோ பிடித்துப் போனான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை எனக்கே பரிமாறியிருக்கிறார்கள். நானும் ருசி பார்த்து உப்பு, புளி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் என் பெண் சாவியோடு வந்து நின்றாள். "வாங்கப்பா, கொல்லிமலை போய்ட்டு வரலாம்."

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஓடுகிற வண்டியைப்போல விசாரணைக்குத் தோதான இடம் கிடையாது, இறங்கி ஓட முடியாது. ஏறி உட்கார்ந்தேன்.

அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் நான் லோடு லாரி ஓட்டியவன். திருப்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும், நம் உடம்பு அதற்கு எதிராகத் தானாகச் சாயும். அன்றும் என் உடம்பு பழக்கத்தில் சாய்ந்து தயாராக இருந்தது. கார் சாயவே இல்லை. அவள் கையைத் திருப்பிய அதே நொடியில் மூக்கு திரும்பியது. தரையில் தண்டவாளம் போட்டதுபோல வளைவைச் சுற்றி வந்து அடுத்ததற்குத் தயாராக நின்றது. நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே பிசகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிசகியது. ஒரு வளைவின் நடுவில் தார் பெயர்ந்து கிடந்தது. அதில் ஏறியதும் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளி அரையடி நகர்ந்தது. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் பதறாமல் கையை லேசாகத் திருப்பிச் சரிசெய்தாள்.

"பாத்தியா?" என்றேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. "குட்டை ஸ்பிரிங் போட்டா மெத்துன்னு இருக்கோணும். இதென்ன கட்டாந்தரையாட்ட இருக்குது?"

"குட்டையாப் போட்டா அமுங்கறதுக்கு எடம் கம்மீங்கப்பா. அதுல மெத்துன்னு இருந்தா ஒவ்வொரு குழிக்கும் அடியில போய் முட்டிக்கும். அதனால கெட்டியாப் போடுவாங்க. உக்காந்தும் இருக்கும், கெட்டியாவும் இருக்கும். வளைவுல சாயாது. நல்ல ரோட்டுல சுகம், கெட்ட ரோட்டுல நாமதான் தாங்கிக்கோணும்."

"டயர் உள்பக்கம் தேஞ்சிருக்குது."

"வண்டி எறங்குனா சக்கரம் உள்ள சாயுமுங்க. உடனே அலைன்மென்ட் பாத்திருக்கோணும். நான் பாக்கல. என் தப்புதான்."

'நான்' என்றாள். மாற்றியவர்கள் பேசுகிற பேச்சு அது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று நேராகவே கேட்டேன்.

"வண்டி யாருது?"

"என்னுதுங்கப்பா. செகண்ட்ஸ்ல வாங்குனேன்."

"அந்தத் தம்பி?"

"வண்டி வாங்கறதுக்கு முன்னாடியிருந்தே தெரியுமுங்க."

"தரகர்?"

"நாங்கதான் அவருகிட்டப் போனோம்."

"உங்கம்மாளுக்குத் தெரியுமா?"

அவள் கியரைக் குறைத்தாள். "வளைவு வருதுங்கப்பா" என்றாள்.

அந்த வளைவு முடிந்ததும் நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத முடியாது. என்னை என்ன பைத்தியக்காரன் என்று நினைத்தீர்களா, மேச்சேரிச் சந்தையில் நான் ஆட்டுக்கு விலை கேட்டுக்கொண்டு அலைந்ததைப் பார்த்துச் சிரித்தீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவள் வண்டியை ஓரங்கட்டவில்லை. பதில் சொல்லும்போதும் கண் ரோட்டிலேயே இருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நோம்பி லீவுக்கு வந்தப்பவே சொல்லலாம்னு ஆரம்பிச்சேனுங்க. ஆபீஸ்ல ஒருத்தரு இருக்காரு, நல்லவரு, வண்டி மட்டும் ஓட்டத் தெரியாதுன்னேன். நீங்க சோத்துல கைய வெச்சுட்டுச் சிரிச்சீங்க. வண்டி ஓட்டத் தெரியாதவனெல்லாம் ஒரு ஆம்பளையா, அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு கேட்டீங்க."

நான் அப்படிச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. அவள் சொல்வதைச் சந்தேகப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அது என் வாயில் வருகிற பேச்சுதான். நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"அப்ப அந்தத் தம்பிக்கு..."

"லைசென்ஸ் இப்பத்தானுங்க வாங்குனாரு. இந்த வண்டீலயே கத்துக்கிட்டாரு. ரெண்டு தடவையும் பைபாஸ் பெட்ரோல் பங்க் வரைக்கும் அவரு சிநேகிதன்தான் ஓட்டீட்டு வந்தாரு. அங்கிருந்து நம்ம ஊட்டு வாசலுக்கு மட்டும் அவரு."

நேற்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பரமத்தி ரோட்டில் போனது நினைவுக்கு வந்தது. எதிரே எத்தனை டிரெய்லர் வந்தது! அந்த வேர்வைக்கு நான் கஞ்சா என்று அர்த்தம் எழுதியிருந்தேன். அவனோ என்னை உயிரோடு வீடு சேர்க்க வேண்டும் என்று வேர்த்திருக்கிறான்.

"இத்தன பொய்யா?" என்றேன். குரல் எனக்கே தெம்பில்லாமல் கேட்டது. "அவனுக்காக நீ பொய் சொன்னியா, உனக்காக அவன் சொன்னானா?"

"ரெண்டு பேரும் உங்களுக்காகத்தானுங்கப்பா" என்றாள்.

மேலே போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அவள் அழுகிறாளா என்று பார்க்கப் பயமாக இருந்தது. நான் அழுகிறேனா என்று அவள் பார்த்துவிடக் கூடாது என்றும் இருந்தது. என் பெண் எனக்குப் பிடித்த மாதிரி ஒருவனைச் செய்துகொண்டு வரப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்தவன் யார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மேலே போன் சிக்னல் வருகிற ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். "அந்தத் தம்பிக்குப் போனப் போடு" என்றேன். அவள் தயங்கினாள். "போடு சாமி" என்றதும் போட்டுக் கொடுத்தாள்.

"தம்பி, நான் மாமா பேசறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"வார ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. காரு வேண்டாம், பஸ்லயே வாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வண்டி எடுத்துட்டு வாரேன்."

"சரிங்க மாமா" என்றான்.

"டிக்கெட்டக் கீழ போட்டுறாதீங்க" என்றேன். "நான் பாக்கோணும்."